பிரிக்காத பொட்டலம்

வேல்விழிக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தால்கூட வாசலுக்கு வந்து மேற்கே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போய் அடுப்பை அணைப்பாள். வெம்பக்கோட்டை அணைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் இதற்காக அவளை யாரும் கேலி செய்ததில்லை. கேலி செய்ய நினைக்கிறவர்களும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ரோட்டில் எங்காவது லாரி டயர் வெடிக்கும். தெருவே வெளியே வந்து நிற்கும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், புகை கிளம்புகிறதா, எந்தப் பக்கம் என்று. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் பேச்சு வரும்.

அவள் புருஷன் முனியராஜ் பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவன். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் வெடியாபீஸ் என்போம். ஆபீஸில் எல்லா ரூமும் வரிசையாக இருக்க, மருந்து ரூம் மட்டும் தள்ளி, வேலிக்கருவைக்குள் தனியாக நிற்கும். போனால் அது மட்டும் போகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் யாரும் அந்த ரூமுக்குள் உட்காருவதில்லை என்பது வேறு விஷயம். உள்ளே போகிறவன் செல்போன் கொண்டுபோகக் கூடாது, சாவி கூடாது, இடுப்பில் வெள்ளிக்கொடி கூடாது. எந்த உலோகமாவது உரசி ஒரு பொறி பறந்தால் போதும். வேல்விழி கோயிலில் மந்திரித்து வாங்கிக் கட்டிவிட்ட செம்புத் தாயத்தைக்கூட முனியராஜ் கேட்டில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். காப்பாற்ற வேண்டிய தாயத்து வெளியே தொங்குகிறது, காப்பாற்றப்பட வேண்டியவன் உள்ளே இருக்கிறான் என்று அவள் தினமும் நினைத்துக்கொள்வாள்.

போன வருஷம் அந்த மருந்து ரூம் வெடித்துப் போய்விட்டது. முனியராஜ் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரம் என்பதால் ஒரு காது கெட்டதோடு தப்பினான். இடது காதில் இன்றைக்கும் வண்டு குடைகிற சத்தம் ஓயவில்லை என்பான். அதன் பிறகு அவன் மருந்து ரூம் பக்கம் போகவில்லை. சிவகாசியில் ஒரு லாரி ஷெட்டில் லோடு ஏற்றப் போனான். வேல்விழி கண்மாய்க் கரையில் இருக்கிற கரைக்காளிக்குப் பொங்கல் வைத்துவிட்டு, தன் பயத்துக்கு ஒரு முடிவு வந்தது என்று நம்பினாள்.

வைகாசியில் போர்மேன் சோலைமலை வீடு தேடி வந்தார். சீசனுக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மருந்து ரூமுக்கு ஆள் இல்லை என்றார். சோலைமலைக்கு வாயில் சர்க்கரை வைத்துத்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது. மாவட்டத்திலேயே முனியராஜ் மாதிரி கை பதறாத ஆள் கிடையாது, மருந்து ரூமில் கை பதறினால் அன்றோடு சரி, அதனால்தான் கண்ட கண்ட ஆளை உட்கார வைக்க மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். மூட்டை தூக்கி முதுகு கூனிக்கொண்டிருந்த முனியராஜுக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஆத்தாளிடம் பூக்கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான் முனியராஜ். அவர் போன பிறகும் சோற்றுப்பானையைக் கையில் பிடித்தபடி வேல்விழி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

கரைக்காளியிடம் பூக்கேட்கிற முறை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பெண் ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு பொட்டலம் கட்ட வேண்டும். ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. பூவரச இலையில் சுற்றி வாழைநாரால் கட்டினால் எது எதென்று கட்டினவளுக்கே தெரியாது. பூசாரி இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டுவார். கேட்கிறவன் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அதைக் கேட்டவனே கொண்டுபோய்க் கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஆத்தா சொல்லாத சொல்லைப் பார்க்கிற உரிமை யாருக்கும் இல்லை என்பார்கள்.

வெள்ளிக்கிழமை வேல்விழி குளித்துவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் முறைப்படியேதான் கட்டினாள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. ஆத்தா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆத்தா வெள்ளையைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்த மறுபேச்சு இல்லாத சொல்லை நினைத்துத்தான் வேல்விழிக்கு உடம்பு வேர்த்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை இருந்தது. அதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டு செவ்வரளியை வைத்துக் கட்டினாள். ஆத்தா, என்னை மன்னிச்சிரு என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஆத்தாளுக்குத் தெரிந்துவிடும் என்று, சின்னப் பிள்ளை மாதிரி, பேசாமல் இருந்தாள்.

முனியராஜ் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தது. பூசாரி ஆத்தா வேண்டாம் என்கிறாள் என்றார். முனியராஜ் கும்பிட்டுவிட்டு, மீதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கரையில் இறங்கிப் போனான். திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஆத்தா சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் முகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சோலைமலை அடுத்த ஆளைத் தேடினார். தேடிப் பிடித்தது வேல்விழியின் தம்பி கதிரவனை. அதே ஆபீஸில் திரி வெட்டிக்கொண்டிருந்தவன். பொறுமையானவன், நல்ல கை. அவன் பெண்டாட்டி பாண்டிலட்சுமி முழுகாமல் இருந்தாள். கதிரவன் அக்கா வீட்டுக்கு வந்து, மச்சானிடம் யோசனை கேட்டான். ஆத்தா எனக்குத்தான் வேண்டாம் என்றாள், உன் காரியத்தை நீ கேட்டுக்கொள் என்று முனியராஜ் தரையைப் பார்த்துச் சொன்னான். முழுகாமல் இருக்கிறவள் கட்டக் கூடாது, அம்மாவும் செத்துப்போனாள் என்பதால் கதிரவனுக்குப் பொட்டலம் கட்ட வேண்டியது அக்காதான்.

வேல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்தா தன்னைப் பிடித்துவிட்டாள் என்று தோன்றியது. புருஷனை வெளியே இழுத்த கையாலேயே தம்பியை உள்ளே தள்ளியாகிவிட்டது. மறுபடியும் இரண்டு சிவப்பை வைத்துவிடலாம். ஆனால் ஆத்தா வாயை ஒரு தடவை பொத்தினதற்கே இப்படி என்றால், இரண்டாம் தடவைக்கு என்ன ஆகும்? யார் தலையில் விடியும்? வரப்போகிற பிள்ளை தலையிலா? இந்தத் தடவை நேர்மையாக இருப்போம், நேர்மையாக இருந்து மன்றாடிக் கேட்போம், மன்றாடினால் மனசு இரங்காமலா போய்விடுவாள் என்று முடிவு செய்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கட்டி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தா சிவப்பைக் குடு, சிவப்பைக் குடு என்று உதடு காய்கிற வரைக்கும் கேட்டாள். அவள் தன் ஆயுளில் அப்படிக் கும்பிட்டது கிடையாது.

கதிரவன் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது.

பாண்டிலட்சுமி குலவை போட்டாள். பூசாரி திருநீறு பூசினார். வேல்விழியைப் பார்த்து, உன் கைராசி என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

அதிலிருந்து அவளுக்குப் பகல் என்பது ஒரே காத்திருப்பு. காலையில் கம்பெனி வேன் கதிரவனை ஏற்றிக்கொண்டு போகும். மருந்து கலக்குகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால் காலைதான் மோசமான நேரம். அந்த நேரத்தில் அவள் பாத்திரம் விளக்க மாட்டாள். விளக்குகிற சத்தத்தில் வேறு சத்தம் கேட்காமல் போய்விடும் என்று பயம். கேட்டுவிடுமே என்றும் பயம். பக்கத்து ஊரில் கல்யாணத்துக்கு வெடி போட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆம்புலன்ஸ் சத்தம் ரோட்டில் போனால் அது கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்று சுவரில் காதை வைத்துக் கேட்பாள். சாயங்காலம் வேனிலிருந்து கதிரவன் இறங்குவான். அலுமினியப் பவுடர் ஏறி முகமெல்லாம் வெள்ளி பூசினது மாதிரி இருக்கும். பல் மட்டும் தெரியச் சிரிப்பான். அவன் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

கரைக்காளிக்கு விளக்குப் போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஆனால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. முன்னெல்லாம் சண்டை பிடிப்பாள். உனக்குக் கண் அவிஞ்சா போச்சு, காது அடைச்சா போச்சு என்று ஆத்தாளை உரிமையோடு வைவாள். இப்போது அதற்கும் முகம் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, கேட்கிற தகுதியைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்று நினைப்பாள். எண்ணெயை ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு வருவாள்.

தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தோன்றாமல் இல்லை. ஒரு நாள் வாய்வரைக்கும் வந்தது. அன்றைக்குக் கதிரவன் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரூமுக்குள் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"எதுக்குப் பயப்படணும்? ஆத்தா வெள்ளை குடுத்துருக்கா. நீ கட்டுன பொட்டலம். அதை நெனச்சிக்கிட்டே சல்லடையைப் பிடிச்சேன்னா கை கல்லு மாதிரி நிக்கும்க்கா."

இவன் கை நிற்பதே அந்தப் பொட்டலத்தை நம்பித்தான். அதைக் கட்டினவள் ஒரு தடவை ஆத்தாளையே ஏமாற்றினவள் என்று தெரிந்தால், மறுநாள் ரூமுக்குள் அந்தக் கை என்ன செய்யும்? சொன்னால் கொலை, சொல்லாவிட்டால் தினம் தினம் சாவு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றவா என்று கேட்டாள்.

ஆனி மாதம், வெயில் ஏறுகிற நேரம், அந்தச் சத்தம் வந்தது. குக்கர் இல்லை, டயர் இல்லை. தரை ஒரு தடவை அசைந்து, அடுக்கில் இருந்த பாத்திரமெல்லாம் கிடுகிடுத்து, பிறகுதான் சத்தம் வந்தது. தெருவே வெளியே வந்தது. மேற்கே வெள்ளைப் புகை நேராக எழும்பி, மேலே போய்க் கலைந்தது. கதிரவன் ஆபீஸ் இருக்கிற திசைதான். பாண்டிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று போனைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று அவளுக்கும் தெரியும். போன் கேட்டில் அல்லவா இருக்கும். இருந்தும் திரும்பத் திரும்பப் போட்டாள்.

ஆட்டோவில் போகும்போது பாண்டிலட்சுமி வேல்விழியின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். வேல்விழி வாய்விட்டே கும்பிட்டுக்கொண்டு வந்தாள். ஆத்தா, கதிரு ஆபீஸா இருக்கக் கூடாது, பக்கத்து ஆபீஸா இருக்கட்டும், அடுத்த ஆபீஸா இருக்கட்டும் என்று. பாதி வழியில் எதிரே ஒரு பைக்கில் இரண்டு பெண்கள், தலைவிரிகோலமாக, அதே திசைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது வேல்விழிக்கு உடனே புரிந்தது. அவர்களும் பக்கத்து ஆபீஸைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து ஆபீஸ் என்பது கதிரவன் ஆபீஸ். ஆத்தா யாருக்கு என்று செவி கொடுப்பாள்? அதற்கு மேல் அவளால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆத்தா, ஆத்தா என்று பேரை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து ஆபீஸ்தான். கதிரவன் தன் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே, வேலிக்கருவை நிழலில் மற்ற ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் வெள்ளிப் பவுடர். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தான். பாண்டிலட்சுமி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வேல்விழி சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கிளம்பியது. பைக்கில் போனவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். வேல்விழி காதைப் பொத்திக்கொண்டாள். தான் இப்போது சிரித்துவிட்டோமோ என்று நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கதிரவன் அவள் வீட்டுக்கு வந்தான். குளித்திருந்தான். ஆனாலும் காதோரம் வெள்ளிப் பவுடர் போகவில்லை. முனியராஜ் லாரி ஷெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேல்விழி டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கதிரவன் டம்ளரை வாங்கினான். டீ தளும்பிக் கையில் கொட்டியது. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டான். அதை மூன்று பேருமே பார்த்தார்கள்.

நாளையிலிருந்து மறுபடியும் வரச் சொல்லிச் சோலைமலை ஆள் அனுப்பியிருக்கிறார் என்றான் கதிரவன். பக்கத்து ஆபீஸ் ஆர்டரும் இங்கே வந்துவிட்டதாம். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு இன்னொரு பொட்டலத்துல சிவப்புத்தான இருந்துச்சு?"

வேல்விழிக்கு அவன் எதற்குக் கேட்கிறான் என்று விளங்கியது. ரெண்டும் வெள்ளைதான்லே, நான்தான் மாத்திக் கட்டிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆத்தா கொடுத்த உத்தரவு இல்லையென்று ஆகிவிடும். இவன் நாளைக்கு வேனில் ஏற மாட்டான். பிழைத்துக்கொள்வான். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்க முடியாது. சிவப்புப் பொட்டலம் எப்போதோ கண்மாயோடு போய்விட்டது. பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் இந்த ஒன்றரை மாதம் ஆத்தா முன்னால் வாயைத் திறக்க முடியாமல் நின்ற நிற்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அப்படி நிற்க அவளால் முடியாது.

"சிவப்புத்தாம்லே. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. ஆத்தா உனக்கு வெள்ளைதான் குடுத்தா."

கதிரவன் முகம் தொங்கிப்போனது. அவன் வேறு பதிலுக்குக் காத்திருந்தான் என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சரி என்று எழுந்திருக்கப் போனான். வேல்விழி அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு. உங்க மச்சானுக்குக் கட்டுனப்பதான் நான் தப்புப் பண்ணேன். ரெண்டுலயும் சிவப்பை வச்சேன். இவுக போயிரக் கூடாதுன்னு ஆத்தா பேசுறதுக்கு முன்னாடி நானே பேசிட்டேன். அந்த எடத்துக்குத்தான் நீ போன." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப ஆத்தா பேரைச் சொல்லலை. அவ உனக்கு வெள்ளை குடுத்தது குடுத்ததுதான். இது நான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு, கதிரு. போகாத."

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எந்த அடி எங்கே விழுமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டும் சிவப்புன்னு எனக்குத் தெரியும்" என்றான் முனியராஜ்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டதும் நார் நெகிழ்ந்து இலை விரிந்துகொண்டது. செவ்வரளி மிதந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்தாகிவிட்டது.

"அங்கனயே கரையில உக்காந்துட்டேன். உம் மேல கோவம் வரலை. தப்பிச்சோம்னு இருந்துச்சு. எனக்குப் பயம்னு போர்மேன்கிட்டச் சொல்ல வாய் வரலை. ஆத்தா வேண்டாம்னுட்டான்னு சொல்ல மட்டும் வந்துச்சு. மாப்ள வந்து கேட்டப்பயாவது நான் சொல்லிருக்கணும்."

கதிரவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் ஒரு நியாயம் இருந்ததால் இரண்டு பேரும் அதை வாங்கிக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஆத்தா பின்னால் ஒளிந்துகொண்டு என்னை முன்னால் அனுப்பிவிட்டீர்களே என்று கத்தினான். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கு இல்லை, மொத நாள்லருந்தே பயந்தான்க்கா எனக்கு. ஆத்தா வெள்ளை குடுத்ததுக்கப்புறம் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்ல? சாமி நம்பிக்கை இல்லாதவன்னு ஆயிருமே. யாராவது ஒருத்தர் மொதல்ல சொல்ல மாட்டாகளான்னு இருந்தேன்."

வேல்விழி அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அது நிற்கிற வரைக்கும் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கதிரவன் வேனில் ஏறவில்லை. சோலைமலை வந்து சத்தம் போட்டார். ஆத்தா உத்தரவு கொடுத்தும் வராதவனை என்ன சொல்வது என்று தெருவில் நின்று கேட்டார். ஆத்தா போகலாம் என்றாள், நான்தான் போகவில்லை என்று கதிரவன் நேராகவே சொன்னான். ஊர் இரண்டு நாளைக்குப் பேசியது. பூசாரி வேல்விழியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதிரவன் மச்சானோடு லாரி ஷெட்டுக்குப் போனான்.

இனி அவள் நிம்மதியாக இருந்திருக்கலாம். புருஷனும் வெளியே, தம்பியும் வெளியே. கேட்டதையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி ஆத்தா கொடுத்துவிட்டாள் என்று பாண்டிலட்சுமி சொன்னாள். வேல்விழிக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலும் ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டு போன குரல்தான். அது கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று வேல்விழிக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

மருந்து ரூம் காலியாக இருக்குமா? சோலைமலை ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்துவிட்டார் என்று வேனில் போகிற பெண்கள் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வேன் வருகிற நேரம் வேல்விழியின் கால் தானாக ரோட்டுக்குப் போனது. வேன் நின்றது, எங்கள் ஊர்ப் பெண்கள் இறங்கினார்கள். பின் சீட்டில், ஜன்னலில் தலையைச் சாய்த்து, வெள்ளிப் பவுடர் அப்பின முகத்தோடு ஒருத்தன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அக்கா இருக்கிறாளோ, பெண்டாட்டி இருக்கிறாளோ, ஆமத்தூர்ப் பக்கம் எந்த ரோட்டில் யார் நிற்கிறார்களோ. வேன் கிளம்பிப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். "நம்ம ஆளுகதான் இப்ப வெடியாபீஸ் போறதில்லையே, யாரைப் பாக்க நிக்கீக மதினி?" என்று பாண்டிலட்சுமி கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். காலையில் இப்போதும் அவள் பாத்திரம் விளக்குவதில்லை.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம், வேன் வந்து நின்றபோது பின் சீட்டு காலியாக இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லையே, தூங்கிவிட்டோமா, காது அடைத்துவிட்டதா என்று வேல்விழி பதறிக்கொண்டு, இறங்கின பெண்ணின் கையைப் பிடித்து, அந்தப் பின் சீட்டு ஆள் எங்கே என்று கேட்டாள். கேட்ட விதத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே பயந்துவிட்டாள். அவர் மகளுக்குக் காது குத்து, லீவு போட்டிருக்கிறார் என்றாள்.

வேல்விழி ரோட்டோரம் உட்கார்ந்து, முந்தியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அந்த ஆள் பேர் என்ன என்று கேட்டாள்.

"சங்கிலிமுத்துன்னாக. எதுக்குக்கா?"

வேல்விழி எழுந்து கண்மாய்க் கரை ஏறினாள். பூசாரி இல்லை, நடை திறந்துதான் இருந்தது. விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினாள். இத்தனை நாள் ஊமையாக நின்ற இடத்தில் நின்று, ஆத்தா என்று கூப்பிட்டாள். குரல் வந்தது.

"ஆத்தா, சங்கிலிமுத்துன்னு ஒருத்தர் மருந்து ரூம்ல இருக்காரு. ஆமத்தூர்ப் பக்கம். நாளைக்கு வேலைக்கு வருவாரு. பாத்துக்க."

பொட்டலமும் கட்டவில்லை, பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்ளவும் இல்லை. ஆத்தா கேட்டாளா கேட்கவில்லையா என்பது ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம். மறுநாள் வேன் வருகிற நேரத்துக்கு வேல்விழி ரோட்டில் போய் நின்றாள்.